ஏரித்தீவு வீடுகளும் நீரின் காவலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்காட்லாந்தின் கிரானோக்குகள், அதாவது ஏரிக்குள் கட்டிய பழங்காலத் தீவு வீடுகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 2021இல் டே ஏரியில் ஒரு கிரானோக் எரிந்துபோன செய்தி மனதைப் பிசைந்தது. மற்றவற்றையாவது காப்பாற்ற வேண்டாமா? சட்டம் போட்டுவிட்டு நீருக்கடியிலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். நீரை வடித்து, முழுக்க அகழ்ந்து, அருங்காட்சியகத்தில் வைத்தால் என்ன? அடுத்த கோடையில் அங்கே போகிறேன், அதனால் கேட்கிறேன்.

செ.

அன்புள்ள செ.,

எரிந்தது அசல் அல்ல. ஓக்பேங்க் என்ற கிரானோக்கை நீருக்கடியில் அகழ்ந்து, அங்கே தெரிந்துகொண்டதை வைத்து 1990களில் எழுப்பிய மாதிரி வீடு அது. சில நிமிடங்களில் சாம்பலாகிவிட்டது. அசல் ஓக்பேங்க் எதிர்க்கரையில், ஃபியர்னன் ஊருக்கு அருகே நீருக்குள் பத்திரமாக இருக்கிறது. சுமார் 2500 ஆண்டுகளுக்கு முன், ஏரிப்படுகையில் ஆல்டர் மரக்கால்களை அடித்து இறக்கி, மேலே தளம் போட்டுக் கட்டிய வீடு.

1980 முதல் தொல்லியலாளர் நிக்கோலஸ் டிக்சன் குழுவினர் அதில் ஒரு பகுதியை அகழ்ந்தார்கள். மரத்தில் குடைந்த வெண்ணெய்க் கிண்ணம் கிடைத்தது, உள்ளே வெண்ணெய் ஒட்டியிருந்தது. தரையில் பரப்பிய பெரணித் தழை, ஆட்டுப் புழுக்கை, ஹேசல் கொட்டை ஓடு, ஒரு துண்டுத் துணி. மேட்டு நிலத்தில் இருந்திருந்தால் இவற்றில் எதுவும் மிஞ்சியிருக்காது. குளிர்ந்த நீரும் காற்றுப் புகாத வண்டலும்தான் காத்தன. வெண்ணெய்க் கிண்ணத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது அந்தப் புழுக்கைதான். வீட்டுக்கு உள்ளேயே ஆடு கட்டி வாழ்ந்தார்கள் என்பதை வேறு எதுவும் இவ்வளவு நேராகச் சொல்லாது.

இப்போது நீரை வடித்தால் என்ன ஆகும்? நீரில் ஊறிய மரத்தின் உள்தசை பெரும்பாலும் கரைந்திருக்கும். நீர்தான் அதன் வடிவத்தைத் தாங்கி நிற்கிறது. உலரவிட்டால் சுருங்கி, வெடித்து, உருக்குலையும். அதைத் தடுக்க மரத்துக்குள் மெழுகு போன்ற ரசாயனத்தை ஏற்ற வேண்டும். 1982இல் கடலிலிருந்து தூக்கிய மேரி ரோஸ் என்ற பழைய ஆங்கிலப் போர்க்கப்பலுக்கு முதலில் நீரையும் பிறகு அந்த ரசாயனத்தையும் 2013 வரை தெளித்துக்கொண்டே இருந்தார்கள். அது ஒரே ஒரு கப்பல். டே ஏரியில் மட்டும் பதினெட்டு கிரானோக்குகள் வரை அறியப்பட்டுள்ளன.

நிலத்தடி நீர் இறங்கினாலே போதும், சேதம் வந்துவிடும். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் உள்ள ஸ்டார் கார் என்ற கற்கால வாழிடத்தில் வயல் வடிகாலால் நீர்மட்டம் தாழ்ந்தது, மண் அமிலமானது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்ற எலும்பும் மரமும் நம் காலத்தில் கூழாகத் தொடங்கின. இதைப் படித்தபின் 'வடித்துப் பார்க்கலாம்' என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை.

1979ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டப்படி பட்டியலிட்ட சின்னத்தில் அனுமதியின்றித் தோண்டுவதும் கொட்டுவதும் கட்டுவதும் குற்றம். ஆனால் அலைக்கும் நாணல் வேருக்கும் சட்டம் தெரியாது. அதனால்தான் முக்குளிப்பவர்கள் அவ்வப்போது இறங்கி மரத்தின் நிலையைப் பார்க்க வேண்டும் என்கிறேன். பணம் அங்கே போகட்டும்.

அகழாமல் விட்டது எதிர்காலத்துக்கான இருப்பும்கூட. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் உள்ள ஏரிகளில், கிரானோக்குகளைச் சுற்றி, 2012இல் ஒரு முன்னாள் கடற்படை முக்குளிப்பவர் கிட்டத்தட்ட முழுசாகக் கிடந்த பானைகளைக் கண்டார். அந்தக் கிரானோக்குகளில் சில பொ.ஆ.மு. 3600 அளவுக்குப் பழையவை என்று 2019இல் ஆய்வு வெளியானது. ஸ்டோன்ஹெஞ்சின் பெருங்கற்கள் நிற்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்! அதுவரை பெரும்பாலான கிரானோக்குகளை இரும்புக் காலத்தோடு சேர்த்தே எண்ணியிருந்தார்கள். நூறாண்டுகளுக்கு முன்பே அவசரமாகக் கிளறியிருந்தால், கரிமத்தைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் முறையே அப்போது கிடையாது.

போகும்போது டே ஏரிக்கரையில் டேலெர்ப் என்ற இடத்தில் 2024இல் திறந்த புதிய கிரானோக் மையத்தைப் பாருங்கள். ஏரியில் படகு எடுத்தால், கிரானோக்கின் எச்சமாக இருக்கக்கூடிய கரையோரக் கல்மேடுகளுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட வேண்டாம் என்று படகுக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.