வைரஸ் தென்படவில்லை என்றால் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் கணவர் ஆறு ஆண்டுகளாக எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து உட்கொள்கிறார். இரண்டு ஆண்டுகளாகப் பரிசோதனையில் வைரஸ் தென்படவில்லை. மாத்திரையை விட்டுவிட்டு மூன்று மாதம் தம் மூலிகை மருந்தை உண்டால் நோய் அடியோடு அகலும் என்கிறார் ஒருவர். குணமானவர்களின் பரிசோதனைத் தாள்களையும் காட்டுகிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம், அம்மா. வைரஸ் கருவிக்கு எட்டாத அளவுக்குக் குறைந்திருக்கிறதே தவிர, உடலின் சில உயிரணுக்களுக்குள் உறங்கிக் கிடக்கிறது. மருந்தை விட்டால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே மீண்டும் பெருகும். மருந்தை இடையிடையே நிறுத்திக் கொடுத்துப் பார்த்த 'ஸ்மார்ட்' என்னும் பன்னாட்டு ஆய்வில், அவ்வாறு உட்கொண்டவர்களிடையே நோயும் இறப்பும் மிகுந்ததால், 2006-இல் அந்த முறையையே கைவிட நேர்ந்தது.

அவர் காட்டும் தாள்களைக் கண்டு மயங்காதீர்கள். மாத்திரையால் கிடைத்த நல்ல முடிவைத் தம் மருந்தின் பலனாகக் காட்டுவதே இத்தகையோரின் வழக்கம். வைரஸ் திரும்பிய பின்னரும் நோயாளி பல மாதங்கள் நலமாகவே உணர்வார் என்பதால் பணம் கைமாறிவிடும். அவர் படுக்கையில் விழும்போது மருந்து விற்றவர் கண்ணில் படமாட்டார். 2007-இல் ஆப்பிரிக்க நாடான காம்பியாவின் அன்றைய அதிபர் யஹ்யா ஜாமேயே மூலிகையால் எய்ட்ஸைக் குணப்படுத்துவதாக அறிவித்து, மாத்திரைகளை நிறுத்தச் செய்தார். அவரை நம்பியவர்களில் சிலர் உயிரிழந்தனர்.

உங்களிடம் 'பெர்லின் நோயாளி'யின் கதையையும் அந்த மூலிகைக்காரர் சொல்லக்கூடும். அப்பெயரால் அறியப்பட்ட திமோதி ரே பிரவுன் எச்.ஐ.வி.யிலிருந்து குணமானது உண்மைதான். ஆனால் அவருக்கு இரத்தப் புற்றுநோய் இருந்தது. அதற்காகவே 2007-இலும் 2008-இலும் கொடையாளரின் இரத்தம் உருவாக்கும் அணுக்களைச் செலுத்தும் ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை செய்தார்கள். வைரஸ் அணுவுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் சிசிஆர்5 என்னும் புரதம் அமையாத, அரிய மரபணு மாற்றம் கொண்ட கொடையாளரை மருத்துவர்கள் தேடிப்பிடித்தார்கள். உயிருக்கே ஆபத்தான அச்சிகிச்சையை எச்.ஐ.வி.க்காக மட்டும் எவருக்கும் செய்வதில்லை. அப்படிக் குணமானவர்கள் உலகெங்கும் மிகச் சிலரே. எந்த மூலிகைக்கும் அதில் பங்கில்லை.

1996-இல் கூட்டு மருந்து வந்தபோது ஆண்டுச் செலவு 10,000 டாலரைத் தாண்டியது. 2001-இல் இந்தியாவின் சிப்லா மருந்து நிறுவனம் 350 டாலருக்குத் தர முன்வரும் வரை, மருந்து இருந்தும் ஏழை நாடுகளில் மக்கள் மடிந்துகொண்டிருந்தார்கள். அத்தனை உயிர்களை இழந்து கிடைத்த மருந்தை இன்று கையில் கொடுக்கும் மருத்துவமனைகள், பரிசோதனை முடிவின் பொருளை இரண்டு நிமிடம் விளக்காமல் விடுவது பொறுக்க முடியாத அலட்சியம். இந்த வணிகர்கள் அந்த இடைவெளியில்தான் நுழைகிறார்கள்.

மாத்திரையுடன் சேர்த்தும் அந்த மூலிகையைக் கொடுக்காதீர்கள். சில செடிகள் மாத்திரையின் வலிமையைக் குறைத்துவிடும். பக்கவிளைவுகள் தொல்லை தந்தால், வேறு மருந்து தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையைத் தவறாமல் உட்கொண்டு இதே நிலை நீடிக்கும் வரை, உடலுறவின் வழியே உங்களுக்கு அவரிடமிருந்து தொற்று வராது.