யார்மவுத் பெயர் தாங்கிய போர்க்கப்பல்கள்: கேள்வி பதில்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் நார்ஃபோக் பகுதியில் இருக்கிறது கிரேட் யார்மவுத். ஹெர்ரிங் மீனை நம்பி வளர்ந்த துறைமுக ஊர். அந்த ஊரின் பெயரை பிரிட்டிஷ் கடற்படை 1653-இலிருந்து தன் கப்பல்களுக்கு வழிவழியாகச் சூட்டிவந்தது. கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு, இந்தப் பெயரின் வரலாற்றைத் தேடிப் படிப்பதில் தீராத ஆசை. வாசகர்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

திருச்சி மாணவர்: ஒரே பெயரை ஏன் திரும்பத் திரும்ப வைக்கிறார்கள்? மொத்தம் எத்தனை யார்மவுத்?

சிறு கப்பல்களை விட்டுவிட்டால் முக்கியமானவை ஐந்து. 1653, 1695, 1745, 1911, 1959 ஆகிய ஆண்டுகளில் நீரில் இறங்கியவை. முதல் கப்பல் அந்த ஊரிலேயே கட்டப்பட்டது. இரண்டாவது 1704-இல் ஸ்பெயின் கரைக்கு அப்பால் நடந்த மாலகா போரில் இருந்தது.

பெயர் வைப்பதன் காரணம் நமக்கு எளிதில் புரியும். 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதான்; தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். அங்கே ஒரு கப்பல் போரில் பெற்ற சிறப்பு அதன் பெயருக்குச் சொந்தம். கப்பல் உடைபட்டாலும், அதே பெயரில் அடுத்து வருவது பழைய போர்களின் பெயர்களையும் உரிமையாகப் பெறுகிறது. அவற்றைப் பலகையில் எழுதிக் கப்பலில் மாட்டுவது வழக்கம். 1954-இல் இதற்கெல்லாம் அதிகாரபூர்வமாக ஒரு பட்டியலும் வகுத்தார்கள்.

கடலூர் வாசகர்: இவற்றில் ஏதாவது நம் கடலுக்கு வந்திருக்கிறதா ஐயா?

வந்தது மட்டுமல்ல, மூன்று முறை போரிட்டிருக்கிறது. 64 பீரங்கிகள் கொண்ட மூன்றாவது யார்மவுத்தில்தான் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி போக்காக்கின் கொடி பறந்தது. 1758 ஏப்ரல் 29 அன்று உங்கள் ஊருக்கு அப்பால் பிரெஞ்சுத் தளபதி தாஷேயின் படையுடன் முதல் மோதல். ஆகஸ்ட் 3 அன்று நாகப்பட்டினம் அருகே இரண்டாவது. 1759 செப்டம்பர் 10 அன்று பரங்கிப்பேட்டைப் பக்கம் மூன்றாவது. அதில் ஒன்பது ஆங்கிலேயக் கப்பல்கள் பதினொரு பிரெஞ்சுக் கப்பல்களை எதிர்த்தன. மூன்றிலும் எந்தப் பக்கமும் முழு வெற்றி பெறவில்லை. முதல் போரில் சரியாக நடந்துகொள்ளவில்லை என்று தன் கேப்டன்கள் மூவரையே போக்காக் ராணுவ விசாரணைக்கு உட்படுத்தினார். ஆனால் மூன்றாவது போருக்குப் பிறகு தாஷே புறப்பட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. கடல் வழி உதவி இல்லாமல் புதுச்சேரி 1761 ஜனவரியில் பணிந்தது.

முதல் போரைப் புத்தகங்கள் கடலூர்ப் போர் என்கின்றன. கடற்படைப் பட்டியலில் அதன் பெயர் 'சட்ராஸ் 1758'. கல்பாக்கம் அருகே டச்சுக் கோட்டை இருக்கும் சதுரங்கப்பட்டினம்தான் அது. ஆகவே யார்மவுத் என்ற பெயருக்குரிய சிறப்புகளில் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை என நம் கரையின் மூன்று ஊர்கள் இருக்கின்றன. அந்தக் கோட்டைச் சுவரில் நின்று கடலைப் பார்த்தபோது, இந்த ஊர்ப்பெயர் இங்கிலாந்தில் ஒரு கப்பலின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பதை நினைத்து எனக்குச் சிலிர்த்தது.

வரலாற்று ஆசிரியை: அமெரிக்கப் போர்க்கப்பல் ராண்டால்ஃப் வெடித்ததும் இதே யார்மவுத்துடன் மோதியபோதுதானா?

ஆம், இதே கப்பல்தான். 1778 மார்ச் 7, பார்படோஸ் தீவுக்குக் கிழக்கே. ராண்டால்ஃபில் 32 பீரங்கிகள்தாம். சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே அது வெடித்துச் சிதறியது. 311 பேர் இறந்தார்கள். ஐந்து நாள் கழித்து யார்மவுத் அந்தப் பக்கம் மீண்டும் வந்தபோது, ஒரு மரத்துண்டின் மேலிருந்து நான்கு பேர் கையசைத்தார்கள். அத்தனை நாளும் உணவில்லை. கையில் கிடைத்த ஒரு பழைய கம்பளித் துண்டில் மழைநீரை ஏந்தி, அதைச் சப்பி உயிர் பிழைத்திருந்தார்கள். எதிரிக் கப்பலே அவர்களை மேலே ஏற்றிக் காப்பாற்றியது.

சென்னை வாசகர்: என் பாட்டி கெட்டிக்காரப் பேரனை 'சரியான எம்டன்' என்பார். அந்த எம்டனுக்கும் யார்மவுத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. நான் மிகவும் எதிர்பார்த்த கேள்வி இது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் எம்டனைத் தேடியவற்றில் நான்காவது யார்மவுத்தும் ஒன்று. எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று, யார்மவுத்துக்கு நான்கு. எம்டன் மாலுமிகள் மரச்சட்டமும் கித்தான் துணியும் வைத்து நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி செய்து நிறுத்தினார்கள். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது யார்மவுத்! தன்னைத் தேடும் கப்பலின் வேடத்திலேயே எம்டன் அக்டோபர் 28 விடியலில் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்தது. உள்ளே போனதும் ஜெர்மன் கொடியை ஏற்றிவிட்டு, 'ஜெம்சுக்' என்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. அந்தப் பெயருக்கு ரஷ்ய மொழியில் முத்து என்று பொருள்.

யார்மவுத் எம்டனை நேரில் பிடிக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே, அக்டோபர் 12 அன்று சுமத்ரா அருகே, எம்டனுக்கு நிலக்கரி தந்துவந்த மார்க்கோமானியாவை மூழ்கடித்தது; எம்டன் கைப்பற்றி வைத்திருந்த பொன்டோபோரோஸ் என்ற கிரேக்கக் கப்பலையும் மீட்டது. எஞ்சின் அறையில் இருந்தவனுக்கு இதன் அருமை தெரியும். நிலக்கரி தீர்ந்தால் எப்பேர்ப்பட்ட போர்க்கப்பலும் வெறும் இரும்பு. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் எம்டனை முடித்தது ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல். அந்தப் பெருமையில் யார்மவுத்துக்கும் பங்கு உண்டு என்பேன்.

மதுரை வாசகர்: போர்க்கப்பலிலிருந்து போன விமானம் வான்கப்பலை வீழ்த்தியதாமே?

அதுவும் இதே யார்மவுத்தான். முன்புறம் சுமார் ஆறு மீட்டர் நீளத்துக்கு ஒரு மேடை. நம் வீட்டுக் கூடத்தின் நீளம்! கப்பல் காற்றை எதிர்த்து விரைய, அந்த நீளத்துக்குள் ஒரு சாப்வித் பப் விமானம் எழும்பிவிடும். திரும்பி இறங்க மட்டும் இடம் கிடையாது. 1917 ஆகஸ்ட் 21 அன்று பெர்னார்ட் ஸ்மார்ட் என்ற விமானி அப்படிக் கிளம்பி, டென்மார்க் கரைக்கு அப்பால் எல்-23 என்ற செப்பலினை, அதாவது ஜெர்மன் வான்கப்பலை, எரித்து வீழ்த்தினார். பிறகு விமானத்தைக் கடலிலேயே இறக்கி நீரில் காத்திருந்தார், அவரை மீட்டார்கள். 1915 ஜனவரியில் செப்பலின் குண்டு விழுந்து இருவர் இறந்த ஊர் கிரேட் யார்மவுத் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

கோவை வாசகர்: இரண்டாம் உலகப் போரில்?

அப்போது இந்தப் பெயரில் போர்க்கப்பல் இல்லை. நான்காவதை 1929-இல் விற்றுவிட்டார்கள். அடுத்தது 1959-இல்தான் வந்தது.

நாகை வாசகர்: கடைசி யார்மவுத் என்ன ஆனது? பெயர் மீண்டும் வருமா?

1982-இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போரில் அடுத்தவர் உயிரைக் காக்க ஓடிய கப்பல் அது. மே 4 அன்று ஏவுகணை தாக்கி எரிந்த ஷெஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் அருகே போய் உதவியது. பிறகு அதைக் கயிறு கட்டி இழுத்துவந்தது. மே 10 அன்று ஷெஃபீல்ட் மூழ்கிவிட்டது. மே 21 அன்று ஆர்டென்ட் என்ற இன்னொரு பிரிட்டிஷ் கப்பல் எரிந்தபோதும் ஒட்டி நின்று மாலுமிகளை ஏற்றிக்கொண்டது. 1987-இல் இந்த யார்மவுத்தையே பயிற்சி இலக்காக வைத்துச் சுட்டு மூழ்கடித்தார்கள். அந்த முடிவு எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இப்போது கட்டப்படும் கப்பல்களில் யார்மவுத் இல்லை. என்றாவது வந்தால், உங்கள் நாகப்பட்டினமும் அதன் பலகைக்குப் போகும்.