அமெரிக்காவின் சியரா நெவாடா என்ற ப்ரூவரி (பீர் காய்ச்சும் ஆலை) தயாரிக்கும் பீர்களைச் சுவைத்திருக்கிறீர்களா? எதற்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள்?

இன்று நான் பத்துக்கு எட்டரை தரும் அவர்களுடைய பேல் ஏல் என்ற பீருக்கு முதல் நாள் போட்டது ஐந்து. தப்பு என் மேல்தான். ஆகவே மதிப்பெண்களுக்கு முன்னால் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2019 ஜனவரி கடைசியில் கலிபோர்னியாவின் சிக்கோ நகரத்துக்குப் போனோம். சாக்ரமென்டோவிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம். கார் ஓட்டியவன் என் மச்சினன். அவன் குடிக்க மாட்டான். ஆனால் சாம்பாரில் பெருங்காயம் கூடிவிட்டதை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவான். அப்படி ஒரு மூக்கு.

சியரா நெவாடாவைத் தொடங்கிய கென் கிராஸ்மன், 1976இல் இதே ஊரில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவோருக்குச் சாமான்கள் விற்கும் கடை வைத்திருந்தவர். பிறகு பால் கமுசியுடன் சேர்ந்து, பால்பண்ணைகள் கழித்துப்போட்ட பாத்திரங்களை வாங்கி, வெட்டிப் பற்றவைத்து ஒரு ப்ரூவரியையே கட்டினார். 1980 நவம்பரில் முதலில் காய்ச்சியது ஸ்டவுட் என்ற கறுப்பு பீர். பேல் ஏல் கைக்கு அடங்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு ருசியில் வந்ததால் கொப்பரை கொப்பரையாகச் சாக்கடையில் ஊற்றியிருக்கிறார்கள். கையில் காசில்லாத காலத்தில் அதற்கு எவ்வளவு பிடிவாதம் வேண்டும்!

ப்ரூவரியை ஒட்டிய உணவகத்தில் ருசி பார்ப்பதற்கென்று சின்னக் கிளாஸ்களைத் தட்டில் அடுக்கித் தருகிறார்கள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 120 மில்லி. எட்டு கிளாஸ் என்றால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர். சின்னக் கிளாஸ்தானே என்று ஏமாறக் கூடாது. பரிமாறிய பெண் இடப்பக்கம் மென்மையானதில் தொடங்கி வலப்பக்கம் கடுமையானதில் முடியும்படி வைத்துவிட்டுப் போனார். நான் பெரிய ரசிகனைப் போல வலப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.

அங்கே இருந்தது பிக்ஃபுட். பார்லி ஒயின் என்பார்கள். பெயரில்தான் ஒயின், சரக்கு பீர்தான். ஆல்கஹால் 9.6 சதவீதம். மச்சினன் கிளாஸை வாங்கி முகர்ந்துவிட்டு, "அத்தான், கருப்பட்டிப் பாகு அடிபிடிக்கப் போகிறது" என்றான். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. தொண்டையில் பாகு இறங்குகிறது, பின்னாலேயே குங்கிலியம் கலந்தது போன்ற கசப்பு ஏறுகிறது. ஒன்பது.

அடுத்து டார்பிடோ, 7.2 சதவீத ஐபிஏ, அதாவது ஹாப்ஸ் தூக்கலான கசப்பு பீர். எஃகு உருளைக்குள், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களை முழுசாக அடைத்து, அதன் வழியே பீரைச் சுற்றிச் சுற்றி ஓடவிடுகிறார்கள். அந்த உருளையின் பெயர்தான் பீருக்கும். கொதிக்கவைத்தால் பறந்துவிடும் வாசனை எண்ணெய்கள் இப்படிச் செய்தால் பீரிலேயே தங்கிவிடுகின்றன. எட்டு.

அதன் பிறகுதான் பேல் ஏலை எடுத்தேன். வெறும் தண்ணீர்! உலகமே கொண்டாடும் பீர் இதுவா என்று நோட்டில் ஐந்து என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அல்வா தின்ற வாயோடு டீ குடித்தால் சர்க்கரையே போடாதது போலிருக்குமே, அதே கதைதான் என்று அப்போது உறைக்கவில்லை. கசப்பு அளவுகோலில் பிக்ஃபுட் 90, டார்பிடோ 65, பேல் ஏல் 38. மரத்துப்போன நாக்குக்கு 38 எங்கே தெரியப்போகிறது?

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கருநிற பீர்களான போர்ட்டர், ஸ்டவுட் இரண்டுக்கும் ஏழு; வறுத்த காப்பிக்கொட்டை பிடிக்குமென்றால் அரை மதிப்பெண் கூட்டிக்கொள்ளுங்கள். ஹேஸி லிட்டில் திங் கலங்கலாக, மாம்பழச் சாறு மாதிரி இருக்கும். 2018இல் வந்ததிலிருந்து இளைஞர்கள் அதன் பின்னால்தான் ஓடுகிறார்கள். எனக்கு ஆறு, அதுவும் தாராளம். கோதுமை பீரான கெல்லர்வைஸுக்கு எட்டு. திறந்த தொட்டியில் புளிக்கவைப்பது. மச்சினன் "பூவன்பழமும் கிராம்பும்" என்றான். பழமோ கிராம்போ ஒரு துண்டுகூடப் போடுவதில்லை, எல்லாம் ஈஸ்ட் செய்யும் வேலை என்று சொன்னபோது அவன் நம்பவில்லை. வாழைப்பழத்துக்கு மணம் தரும் அதே வேதிப்பொருளைத்தான் அந்த ஈஸ்டும் உண்டாக்குகிறது.

எட்டாவது கிளாஸ் ரெசிலியன்ஸ் ஐபிஏ. பக்கத்திலிருந்த பாரடைஸ் என்ற ஊர் 2018 நவம்பர் தீயில் எரிந்துபோனது. 85 பேர் இறந்தார்கள். நிவாரண நிதிக்காகக் காய்ச்சிய பீர் இது. செய்முறையைப் பகிர்ந்துகொண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ப்ரூவரிகள் தங்கள் இடத்திலேயே காய்ச்சின. அதற்கு நான் மதிப்பெண் போடவில்லை.

மறுநாள் சாயங்காலம் விடுதி அறையில் ஒரு பேல் ஏல் பாட்டிலைத் திறந்தேன். ஊரில் பீர் என்றால் பல் கூச வேண்டும் என்று பழகியவன், அன்று ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வைத்திருந்தேன். வாயில் வேறு எதுவும் படவில்லை. மூடியைத் திறந்ததுமே அறையின் மறுகோடியிலிருந்து மச்சினன், "யார் பம்பளிமாஸ் உரிக்கிறார்கள்?" என்று கேட்டான். அது காஸ்கேட் என்ற ஹாப்ஸின் வாசனை. நேற்று என் மூக்குக்கு எட்டவே இல்லை. முதலில் பிஸ்கட் போல மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லியின்) இனிப்பு, நடுவில் அந்தத் தோல் வாசனை, கடைசியில் சுருக்கென்று ஒரு கசப்பு. விழுங்கியதும் அடுத்த வாய் கேட்கிறது. பிக்ஃபுட்டை ஒரு கிளாஸோடு வைத்துவிடுவேன்; இதை வைக்க முடியவில்லை.

நோட்டில் ஐந்தை அடித்துவிட்டு எட்டரை என்று எழுதினேன். ஹேஸிக்கும் மறுமதிப்பீடு செய்தால் என்ன என்று மச்சினன் கேட்டான். செய்தேன். ஆறுதான்.