ஸ்டெர்ன்டிரைவ் சர்வீஸில் இன்ஜின் அலைன்மென்ட் பார்ப்பது அவசியமா?

கேட்டவர் மெர்க்ரூஸர் ஆல்ஃபா ஒன் ஸ்டெர்ன்டிரைவ் வைத்திருக்கிறார் (இன்ஜின் படகுக்குள்ளே, புரொப்பல்லரைச் சுழற்றும் டிரைவ் பின்பக்கம் வெளியே). பெல்லோஸ் (தண்ணீர் புகாமல் தடுக்கும் மடிப்பு ரப்பர் குழாய்) மாற்ற டிரைவைக் கழற்றப் போகிறார்களாம். "போட் நன்றாகத்தானே ஓடுகிறது, அலைன்மென்ட் எதற்கு?" என்கிறாராம் மெக்கானிக்.

டிரைவ் கழன்று கிடக்கும்போதுதான் பார்க்கவே முடியும். அதனால் கட்டாயம் பாருங்கள். நான் படகுப் பட்டறையில் வேலை பார்ப்பவன். அலைன்மென்ட் பார் (நேர்கோடு பார்க்கும் தண்டு) கையில் இருந்தால் கால் மணி நேர வேலை.

இன்ஜினின் பின்னால் ஃப்ளைவீலில் ரப்பர் வைத்த கப்ளர் இருக்கிறது. டிரைவின் ஷாஃப்ட், அதைத் தாங்கும் கிம்பல் பேரிங் வழியாகப் போய், கப்ளரின் ஸ்ப்ளைனில் (உள்பக்கப் பற்களில்) உட்காரும். இரண்டும் நேர்கோட்டில் இல்லையென்றால் ஓட ஓடப் பற்கள் தேயும், பேரிங் அடிவாங்கும். கடைசியில் இன்ஜின் உறுமும், போட் நகராது. கப்ளரை மாற்ற இன்ஜினையே தூக்க வேண்டும். செலவு எங்கே போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் பேரிங்கின் உள்வளையத்தை விரலால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றால் மாற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அப்புறம் அலைன்மென்ட் பாரின் ஸ்ப்ளைன் முனையில் கிரீஸ் தடவி, பேரிங் வழியாகக் கப்ளருக்குள் தள்ளுங்கள். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். கிம்பல் பேரிங் தன் கூட்டுக்குள் கொஞ்சம் சாயக்கூடியது. அது கோணலாக நின்றாலும் பார் இறுகும். அதைப் பார்த்ததும் இன்ஜினில் ஸ்பேனரை வைக்கக் கூடாது. பாரின் வெளிமுனையை மேல், கீழ், இடம், வலம் என்று லேசாகத் தட்டிப் பேரிங்கை நேராக்கிவிட்டு மறுபடி தள்ளிப் பாருங்கள்.

சரியாக இருந்தால் இரண்டு விரலில் போய் வரும். அதோடு நிறுத்தாமல், பாரைத் திருகாமல் நேராக உருவி கிரீஸைப் பாருங்கள். பல் தடம் சுற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மேலேயோ கீழேயோ மட்டும் கிரீஸ் வழித்தெடுத்ததுபோல் இருந்தால் இன்ஜினின் உயரம் சரியில்லை. இன்ஜினின் கிராங்க்ஷாஃப்டைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் இதையே செய்யுங்கள்.

உயரத்தை மாற்றுவது முன் மவுன்ட்களில்தான் (இன்ஜினைத் தாங்கும் கால்கள்). பின் மவுன்ட்கள் டிரான்ஸம் பிளேட்டில் (படகின் பின்சுவரில் உள்ள தகடு) இறுகியவை. மேலே உள்ள பூட்டு நட்டைத் தளர்த்திவிட்டு, சரிசெய்யும் நட்டை இரண்டு பக்கமும் ஒரே அளவு, அரைச் சுற்று போலத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பாரே காட்டிக்கொடுக்கும். பூட்டு நட்டை முறுக்கிய பிறகு இன்னொரு தடவை பார் போடுங்கள். முறுக்கும்போதே கொஞ்சம் நகர்ந்துவிடும், இதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

விளக்குமாற்றுக் கம்பும் பைப்பும் பாருக்கு மாற்று கிடையாது. உங்கள் மெக்கானிக்கிடம் பார் இல்லையென்றால் "தேவையில்லை" என்பதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று: அலைன்மென்ட் சும்மா கெடாது. ஒரு தடவை சரிசெய்தால் வருஷக்கணக்கில் நிற்க வேண்டும். ஒவ்வொரு சர்வீஸிலும் இன்ஜின் முன்பக்கம் இறங்கியிருக்கிறது என்றால் மவுன்ட் ரப்பர் உட்கார்ந்திருக்கும். பழைய ஃபைபர் படகானால் மவுன்ட்டுக்கு அடியில் உள்ள ஸ்ட்ரிங்கர் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டை) மரம் தண்ணீர் குடித்து இற்றுப்போயிருக்கும். சுத்தியலால் தட்டினால் பொத்துப்பொத்தென்று சத்தம் வரும். அதைச் சரிசெய்யாமல் வருஷா வருஷம் நட்டைத் திருப்பினால், கடைசியில் ஏற்றுவதற்கு போல்ட்டில் மரை மிச்சம் இருக்காது.