கல்லடிக் கடற்காற்றும் முப்பத்தைந்து வயது ஸ்போர்ட்ஸ் காரும்

வாகனப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, 1990 ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர் (மஸ்டாவின் துணிக்கூரை ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றைக் கடந்த சித்திரையில் வாங்கினேன். எஞ்சின் 1.6 லீற்றர். வீடு கல்லடியில், கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. இப்போதைக்கு என்னால் ஒன்றரை இலட்சம் ரூபாய்தான் செலவழிக்க முடியும். பெரிய சைலன்சரும் 16 அங்குல அலோய் வீலும் போட்டுக் காரைத் தாழ்த்தும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். எஞ்சினின் பின்புறம் ஒயில் கசிகிறது. கியர்பொக்ஸை இறக்கி சீல் மாற்ற வேண்டும் என்று கராஜில் சொல்லிவிட்டார்கள். எதில் தொடங்குவது?
– கல்லடி வாசகர்

பதில்: ஒயிலில் தொடங்குவோம், உங்கள் பணத்தில் பெரும்பகுதி அங்கேதான் வீணாகப் போகப் பார்க்கிறது. இந்த எஞ்சினின் தலைப்பகுதிக்குப் பின்னால், எஞ்சினையும் இருக்கைப் பகுதியையும் பிரிக்கும் தகட்டுச் சுவரை ஒட்டிய இடுக்கில், கேம் அங்கிள் சென்சர் என்ற சிறிய உருளை ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றியுள்ள ரப்பர் ஓ-ரிங் முப்பது ஆண்டு வெப்பத்தில் இறுகிப் பிளாஸ்ரிக் வளையல் போலாகிவிடும். அதன்பின் கசியும் ஒயில் எஞ்சினின் முதுகு வழியாக இறங்கி, எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்தில் சொட்டுவதால், காருக்குக் கீழே படுத்துப் பார்ப்பவருக்கு அது கியர்பொக்ஸ் பக்கமுள்ள கிராங்க் சீலிலிருந்து வருவதாகவே தோன்றும். கராஜ்காரர் உங்களை ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். கீழிருந்து பார்த்தவர் மேலிருந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். எஞ்சின் ஆறியபின் கையை உள்ளே விட்டு, சென்சரின் அடிப்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். விரல் ஒயிலோடு வந்தால் முதலில் அந்த ஓ-ரிங்கை மாற்றி, அவ்விடத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, இரண்டு வாரம் ஓடிப் பார்க்கலாம். ஓ-ரிங்கின் விலை ஒரு நேரச் சாப்பாட்டுக் காசுக்கு மேல் போகாது. ஒரு எச்சரிக்கை: சென்சரைக் கழற்றுமுன் அது நிற்கும் நிலையை ஆணியால் கீறி அடையாளமிட வேண்டும், அது திரும்பினால் எஞ்சினின் ரைமிங்கும், அதாவது தீப்பொறி விழும் நேரமும், திரும்பும். பூட்டியபின் ரைமிங் லைற் வைத்து, 10 பாகையில் நிற்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

மிஞ்சும் பணத்தை நிறுத்துவதற்கும் குளிர்விப்பதற்கும் செலவிடுங்கள். உங்கள் காருக்கு ஜப்பானில் குறிப்பிடப்பட்ட வலு 120 குதிரைவலு, எடை ஏறத்தாழ 940 கிலோ. நகருக்குள் மணிக்கு 50 கிலோமீற்றரும் வெளியே 70 உம் எல்லையாக உள்ள நம் வீதிகளுக்கு இந்த வலு தாராளம். ஆனால் அந்த வலுவை அடக்க வேண்டிய ரப்பர் ஹோஸ்களுக்கும் பிறேக் ஒயிலுக்கும் வயது எத்தனை என்று உங்களுக்குத் தெரியுமா? பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டொட் 4 வகை 230 பாகை செல்சியசுக்கு மேல்தான் கொதிக்க வேண்டும். ஈரம் சேர்ந்தபின் 155 வரை இறங்கினாலும் அது தரத்துக்குள்தான். வாவியும் கடலும் சூழ்ந்த நம் ஊரில் அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதை நான் ஆடம்பரமாகக் கருதுவதில்லை. அதே நாளில் பிறேக் பாட்களை அழுத்திப் பிடிக்கும் கலிப்பரின் வழுக்கும் ஊசிகளைக் கழற்றித் துடைத்து, பிறேக்குக்குரிய கிறீஸ் இடச் சொல்லுங்கள். உப்புக் காற்றில் அவை இறுகிப்போவதால்தான் ஒரு பக்க பாட் முழுதாகத் தேய்ந்தும் மறுபக்கம் புதிதாகவும் இருக்கும். அடுத்து, ரயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2316 என்றிருந்தால் அது 2016 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பூ தேயவில்லை என்பதற்காகப் பத்து வயது ரயரை மழைக்காலத்தில் நம்பக் கூடாது.

நண்பர்கள் சொல்லும் 16 அங்குல வீல் இக்காருக்குப் பாரம். கம்பனி கொடுத்த அளவு 185/60 ஆர்14; மாற்றியே தீர வேண்டுமென்றால் 195/50 ஆர்15 வரை போகலாம், மொத்த விட்டத்தில் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். காரைத் தாழ்த்த வேண்டாம். மார்கழி வெள்ளத்தில் நம் ஒழுங்கைகள் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும். தாழ்த்தும் காசுக்கு சொக் அப்சோபரையும் வெடித்துப்போன ரப்பர் புஷ்களையும் மாற்றி வீல் அலைன்மென்ற் செய்தால், கார் புதியதைப் போலத் திரும்பும். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அதைவிட மலிவான மேம்பாடு எனக்குத் தெரியாது. சைலன்சரைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. சத்தம் கூடும்.

றேடியேற்றரின் மேல்தொட்டி பிளாஸ்ரிக்கால் ஆனது. கறுப்பு நிறம் மாறிப் பழுப்பும் பச்சையுமாகத் தெரிந்தால் அது வெடிக்கும் நாள் தொலைவில் இல்லை. அலுமினிய றேடியேற்றர் ஒன்றுக்கு இப்போதே பணம் சேருங்கள். கடலோரக் கிணற்று நீரை அதில் ஊற்றவே வேண்டாம்; வடித்த நீரும் கூலன்ற்றும் சரிபாதி. “நம் வெயிலுக்கு இது எதற்கு?” என்று தேர்மோஸ்டற்றை, அதாவது சூட்டுக்கேற்பக் கூலன்ற் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வை, கழற்றி எறியும் பழக்கம் பல கராஜ்களில் இருக்கிறது. அதை எறிந்தால் ஓடும் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராது. கம்பியூற்றர் எஞ்சின் குளிர்ந்திருப்பதாக எண்ணிப் பெற்றோலைக் கூட்டி ஊற்றும். செலவு ஏறும், ஆண்டுக்கொருமுறை வரும் புகைப் பரிசோதனையிலும் மாட்டிக்கொள்வீர்கள். ரைமிங் பெல்ற் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குப் பற்றுச்சீட்டு இல்லையென்றால், மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொண்டு வோட்டர் பம்புடன் சேர்த்து மாற்றிவிடுங்கள். இந்த 1.6 எஞ்சினில் பெல்ற் அறுந்தாலும் வால்வுகள் பிஸ்டனில் மோதுவதில்லை என்பது ஓர் ஆறுதல். ஆனால் இரவில் வெலிகந்தைப் பக்கம் யானை நடமாடும் இடத்தில் கார் நின்றுவிட்டால் அந்த ஆறுதல் உதவாது.

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடும்போது காரின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் காரிலுள்ள பி6 குடும்ப எஞ்சின் மஸ்டா பமீலியாவிலும் வந்தது. எஞ்சின் குறியீட்டைச் சொல்லி, பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

கேள்வி: இதே வகைக் காருக்கு ஒக்டேன் 95 பெற்றோல் அடித்தால் இழுவை கூடுமா?
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: கூடாது. இதன் அமுக்க விகிதம் 9.4, சாதாரண பெற்றோலுக்கே அமைக்கப்பட்ட எஞ்சின். ரைமிங்கை யாரும் முன்தள்ளி வைக்கவில்லையென்றால் 92 போதும். விலை வித்தியாசத்தைச் சேர்த்துவைத்து, எஞ்சின் ஒயிலை உரிய காலத்தில் மாற்றுங்கள்.

கேள்வி: ஐயா, வெளிநாட்டில் இருக்கும் தம்பியின் ரோட்ஸ்டர் என் பொறுப்பில் இருக்கிறது. மாதம் ஒருமுறைதான் எடுக்கிறேன். மழைக்கும் வெயிலுக்கும் பிளாஸ்ரிக் தறப்பாளால் மூடி வைத்திருக்கிறேன். அப்படியிருந்தும் இருக்கைக்குப் பின்னால் தரைவிரிப்பு ஈரமாகிறது. கூரையின் பின்கண்ணாடியும் மஞ்சளாகிவிட்டது. கூரையை முழுதாக மாற்ற வேண்டுமா?
– கல்முனை வாசகர்

பதில்: அவசரப்பட வேண்டாம் அம்மா. துணிக் கூரையில் விழும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இரு மூலைகளிலும் உள்ள துளைகள் வழியாகக் காருக்கு அடியில் வடிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. வேப்பிலையும் மணலும் சேர்ந்து அத்துளைகள் அடைபட்டால் நீர் உள்ளே தேங்கும். பின்னர் கதவுக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட அடித்தகடு உள்ளிருந்தே துருப்பிடிக்கத் தொடங்கும். வெளியே பெயின்ற் கொப்பளிப்பது கண்ணுக்குத் தெரியும்போது உள்ளே தகடு முக்கால்வாசி போயிருக்கும். ஒவ்வொரு துளையிலும் ஒரு கோப்பை நீரை மெதுவாக ஊற்றுங்கள். அந்தப் பக்கப் பின்சக்கரத்துக்கு முன்னால் நிலம் நனைந்தால் வழி திறந்திருக்கிறது. நனையாவிட்டால், புல் வெட்டும் இயந்திரத்தின் தடித்த நைலோன் நூலை உள்ளே விட்டு மெல்லச் சுழற்றுங்கள். கம்பியால் குத்தினால் உள்ளேயுள்ள குழாய் கிழிந்துவிடும். தென்னை ஈர்க்கு முறிந்து உள்ளேயே தங்கிவிடும். பின்னதை நானே செய்து, அதை எடுக்க அரைநாள் பட்டிருக்கிறேன்.

தறப்பாளை இன்றே எடுத்துவிடுங்கள். அதனடியில் உப்பு ஈரம் வெளியேற வழியின்றிக் காரோடு ஒட்டிக்கிடக்கிறது. தகரக் கொட்டகையும், அதன் கீழ் காற்றோட்டமுள்ள துணி உறையும் போதும். பின்கண்ணாடி உண்மையில் பிளாஸ்ரிக் தாள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காய்ந்து முறுகும். கூரையை மடிக்குமுன் அதன் சிப்பைத் திறந்து தாளைத் தட்டையாகப் படுக்க வைத்தால் வெடிப்பு வராது. மஞ்சளைப் பிளாஸ்ரிக்குக்கான பொலிஷ் ஓரளவு நீக்கும். தாள் வெடித்துவிட்டாலும், துணி நன்றாக இருக்கும்வரை குஷன் தைப்பவர் ஒருவரால் அதை மட்டும் மாற்றித் தைக்க முடியும்.

டிக்கியையும் திறந்து பாருங்கள். இந்தக் காரில் பற்றரி அங்கேதான் இருக்கிறது. ஆதியில் வந்தது வாயு வெளியேறக் குழாய் பூட்டிய, அடைக்கப்பட்ட வகை. மலிவு என்று யாராவது சாதாரண அசிட் பற்றரியைக் குழாயில்லாமல் வைத்திருந்தால், அதன் ஆவி டிக்கித் தரையைத் தின்றுகொண்டிருக்கும். சோடாப்பூவை நீரில் கரைத்து அவ்விடத்தைக் கழுவி உலர்த்தி, துரு தடுக்கும் பெயின்ற் பூசிய பிறகே புதிய பற்றரியை வையுங்கள்.