பழைய பாயிண்ட் 22 ரிம்ஃபயர் (தோட்டாவின் அடி விளிம்பில் அடித்து வெடிக்கும் வகை) போட்டி ரைஃபிளின் துல்லியத்தை எப்படிச் சோதிப்பது?

ஐந்து தோட்டா ஒட்டி விழுந்ததும் முடிவு கட்டிவிடாதீர்கள். அவ்வளவு சின்ன குரூப் (ஒரே குறியில் சுட்டு விழும் ஓட்டைகளின் கூட்டம்) தற்செயலாகவும் அமையும். 50 மீட்டரில் பத்துப் பத்தாக நான்கைந்து குரூப் சுட்டு, சராசரி எடுங்கள். தனியே தெறித்த ஓட்டையையும் சேர்த்தே அளக்க வேண்டும். பலர் அதை விட்டுவிட்டுத்தான் ஏமாறுகிறார்கள்.

மிகத் தள்ளி இருக்கும் இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்புகளுக்கு இடையே அளந்து, குண்டின் விட்டமான சுமார் 5.6 மில்லிமீட்டரைக் கழித்தால் மையத்துக்கு மையம் தூரம் கிடைக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, சர்வதேசப் போட்டியின் 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான்.

சுடும் முன் துப்பாக்கி பாதுகாப்பானதா என்று விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். ரைஃபிளின் இரும்புப் பகுதியை மரக்கட்டையோடு பிணைக்கும் திருகுகள் இறுக்கமாக இருக்கட்டும். முன்னும் பின்னும் மணல் பை வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தாங்குங்கள்.

அப்புறம் தோட்டா. ரிம்ஃபயரில் பாதி விஷயம் இதுதான். ஒரே பிராண்டிலேயே லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) மாறினால் குரூப் மாறும். குண்டின் மேலுள்ள மெழுகு பேரலில் படிய வேண்டும் என்பதால், தோட்டாவை மாற்றியதும் முதல் பத்துப் பதினைந்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

ஓட்டைகள் மேலும் கீழுமாக நீண்டு விழுகின்றனவா? தோட்டா மாற்றியும் அப்படியே என்றால், பேரலைக் குறை சொல்லும் முன் தோட்டாவை அடிக்கும் ஊசியைத் தள்ளும் ஸ்பிரிங்கைப் பாருங்கள். வயதான ஸ்பிரிங் தளர்ந்து அடி பலவீனமானால், குண்டின் வேகம் ஷாட்டுக்கு ஷாட் மாறும்.