நீங்கள் நேரில் பார்த்த பழைய ராணுவ விமான தளம் எது? அதன் வரலாறு என்ன?

இங்கிலாந்தில் நியூபரி ஊருக்கு வெளியே இருக்கும் கிரீன்ஹாம் காமன். ரெடிங்கில் இரண்டு வருஷம் வேலை பார்த்தபோது, சனிக்கிழமைகளில் ரயிலேறிப் போய் அங்கே நடந்துவிட்டு வருவேன்.

'காமன்' என்றால் ஏறக்குறைய நம் ஊர் மந்தைவெளி. சுற்றுவட்டாரத்தில் சில வீட்டுக்காரர்களுக்கு அங்கே மாடு மேய்க்க வழிவழியாக உரிமை உண்டு. இரண்டாம் உலகப் போரில், 1941-ல், விமான தளத்துக்காக அரசு அதை எடுத்துக்கொண்டது. 1944 ஜூன் 5 மாலை நேச நாட்டுப் படைகளின் தளபதி ஐசனோவர் இங்கே வந்துதான், முகத்தில் மை பூசிக்கொண்டு நின்ற பாராசூட் வீரர்களோடு பேசினார். அன்றிரவே அவர்களை ஏற்றிக்கொண்டு டகோட்டா விமானங்கள் பிரான்ஸின் நார்மண்டிக்குப் பறந்தன.

போர் முடிந்து தளத்தை மூடினார்கள். ஆனால் 1951-ல், உள்ளூர்க்காரர்கள் எதிர்த்தும் கேட்காமல், அமெரிக்க விமானப்படைக்காகத் திரும்பவும் எடுத்து, மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுபாதை போட்டார்கள்.

அப்புறம் வந்ததுதான் பலருக்கும் தெரிந்த கதை. அணு குண்டு பொருத்திய 96 க்ரூஸ் ஏவுகணைகளை இங்கே வைக்கப்போவதாக 1980-ல் அறிவித்தார்கள். அடுத்த வருஷம் அதை எதிர்த்து, வேல்ஸின் தலைநகர் கார்டிஃபிலிருந்து ஒரு சிறு பெண்கள் குழு நடந்தே வந்து, தளத்தின் வாசலில் கூடாரம் போட்டது. 1982 டிசம்பரில் சுமார் 30,000 பெண்கள் கைகோத்து, 14 கிலோமீட்டருக்கு மேல் நீளமான அந்த வேலியையே சுற்றி வளைத்தார்கள். பெண்களின் முகாம் 2000 வரை இருந்தது. குளிர்காலத்தில் அந்த வெட்டவெளியில் அரை மணி நேரம் நின்று பார்த்திருக்கிறேன், காது வலித்துவிடும். அதில் 19 வருஷம்!

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். வேலி தாண்டும் பெண்களைத் தண்டிக்க ராணுவ அமைச்சகம் 1985-ல் துணைவிதிகள் போட்டது. அதன்படி தண்டிக்கப்பட்ட இரண்டு பெண்கள் மேல்முறையீடு செய்தார்கள். 1892-ம் வருஷத்து ராணுவ நிலச் சட்டத்தில், பொது மேய்ச்சல் உரிமையைப் பாதிக்கும் விதிகளைப் போடக்கூடாது என்று இருக்கிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1990-ல் அந்த விதிகள் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஏவுகணைத் தளத்தின் விதியை மாடு மேய்க்கும் உரிமை வென்றது. படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஏவுகணைகள் போனதற்கு முக்கியக் காரணம் 1987-ல் அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பசேவும் போட்ட ஏவுகணை ஒழிப்பு ஒப்பந்தம். கடைசி ஏவுகணை 1991-ல் கிளம்பியது, அடுத்த வருஷம் அமெரிக்கர்களும் போனார்கள். ஓடுபாதையைப் பெயர்த்து, அந்தக் கான்கிரீட்டை நியூபரி புறவழிச் சாலைக்குப் போட்டார்கள். 2000-ல் நிலம் மக்களுக்குத் திறந்தது, 2002-ல் தனிச் சட்டம் மேய்ச்சல் உரிமைகளை மீட்டுத் தந்தது.

இப்போது அங்கே மாடுகள் மேய்கின்றன. ஏவுகணை வைத்திருந்த, புல் மூடிய ஆறு மேடுகள் மட்டும் இன்னும் வேலிக்குள் நிற்கின்றன. நீங்கள் போவதாக இருந்தால் கோடையில் இருட்டும் நேரத்துக்குப் போங்கள், பக்கிக் குருவியின் குரல் கேட்கும். தரையில் கூடு கட்டும் பறவை அது, அதனால் பாதையை விட்டு இறங்க வேண்டாம்.